கல்லறை இல்லாதவர்களுக்கும் ஒரு நாள் குறியுங்கள்

குமரி மாவட்டக் கடலோர ஊர்க் கமிட்டிகளுக்கும், பங்குப் பேரவைகளுக்கும், ஜமாத் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களே, வணக்கம்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் ஊர் என்ன செய்ய வேண்டும்? மீன்பாட்டில் கோயிலுக்கு எவ்வளவு, ஏலம் விடுவது யார், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, திருவிழா வரி கட்டாத வீட்டை என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் நம் ஊர்களில் ஒரு கட்டு இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்கு ஆளைப் பறிகொடுத்துவரும் கரையில் இதற்கென்று ஒரு முறை இல்லாதது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. அப்படி ஒரு முறையை உருவாக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுக்கிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம், ரேஷன் கார்டு, தடைக்கால நிவாரணம் என்று வருகிறவர்களோடு, வீட்டுக்காரர் கடலில் காணாமல் போன பெண்களும் வருவார்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த வராந்தாவில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். அரசாங்கத்தைத் திட்டி எழுதவில்லை. அது வேறு மடல், அதையும் ஒருநாள் எழுதுவேன்.

முதலில் கரையில் நடக்கும் ஒரு சாவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வீட்டுக் கட்டிலில் கிடந்து இறக்கிறார். கொஞ்ச நேரத்தில் கோயிலில் துக்க மணி அடிக்கிறது. யாருக்கு, யாருக்கு என்று கேட்டுக்கொண்டே சனம் வருகிறது. ஒருவர் ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் போடுகிறார், இன்னொருவர் பந்தலுக்கு ஆள் அனுப்புகிறார். இளவட்டங்கள் கல்லறை வெட்டப் போகிறார்கள். வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தகவல் சொல்ல ஒருவர் நோட்டும் கையுமாக உட்காருகிறார். அடுத்த வீட்டு அடுப்பில் கட்டன்காப்பி கொதிக்கிறது. இதில் எதற்கும் இறந்தவரின் மனைவியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. அவள் அழுதால் போதும், அழ முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். உன் வீட்டுக்காரர் இறந்துவிட்டாரா, உறுதியாகச் சொல் என்று அவளிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்கத் தேவையும் இல்லை. மணி சொல்லிவிட்டது.

கொஞ்சம் உள்ளே நாஞ்சில் நாட்டுப் பக்கம் போனாலும் இதேதான், வடிவம் மட்டும் வேறு. நீர்மாலை எடுக்கப் போகிறவர் யார், கோடி போடுகிறவர் யார், சஞ்சயனம் என்றைக்கு, பதினாறு அடியந்திரத்துக்கு யார் யாரிடம் சொல்ல வேண்டும் எல்லாம் முன்கூட்டியே தீர்மானமான விஷயம். துட்டி வீட்டுக்குப் போகிறவர் என்ன பேசுவது என்றுகூடக் கவலைப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம், அதுதான் முறை. அய்யாவழிக்காரர்கள் எரிப்பதில்லை, தர்ம யுகத்துக்காகத் தவம் இருப்பதாக வைத்து, வடக்கு முகமாக உட்கார்ந்த நிலையில் அடக்குகிறார்கள். தக்கலையிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஒரு மௌத் என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லிவிடும். குளிப்பாட்ட, கஃபன் உடுத்த, தொழவைக்க, தோள் கொடுக்க ஆள் இருக்கிறது. மற்றவர்களுக்கு மூன்று நாள் துக்கம், மனைவிக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா என்று காலமும் குறித்திருக்கிறது. நாம் ஒருவர் சடங்கை மற்றவர் பார்த்து ஏதாவது குறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் எல்லாச் சடங்குக்கும் உள்ளே இருக்கும் காரியம் ஒன்று. ஆள் போய்விட்டார் என்று சொல்லும் பாரத்தை ஊர் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது.

கடலில் போனவர் வீட்டில் இது அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

முதல் சில நாள் ஊரே அந்த முற்றத்தில்தான் இருக்கும். தேடுவதற்குப் படகுகள் போகும், கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகும், டிவிக்காரர்கள் வருவார்கள், ஜெபமாலை சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொரு படகாகத் திரும்பி வரும். டீசல் செலவு, வட்டி, பிள்ளைகளுடைய ஃபீஸ் என்று ஆளாளுக்குத் தொழிலுக்குப் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும், அதில் தப்பு சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு மணி அடிக்கவில்லை, குழி வெட்டவில்லை, ஏழாம் நாள் பூசை இல்லை, முப்பதாம் நாளும் இல்லை. துட்டி கேட்க வருவதா, தைரியம் சொல்ல வருவதா என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள். எதிரே அவள் வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசில்லாமல் இல்லை, வார்த்தையில்லாமல்.

ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். அலுவலகத்தில் கேட்ட காகிதத்தை எழுதி முடித்து, கையெழுத்துக்காக நீட்டினேன். பேனாவை வாங்கியவள் எழுதாமல் என்னைப் பார்த்து, "டீச்சரே, இதுல நான் ஒப்பு போட்டா, அவரு செத்துப்போனாருன்னு நானே சொன்னதா ஆயிராதா?" என்று கேட்டாள். மாமியார் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா துணைக்கு வந்தாரா, மருமகள் எழுதிக்கொடுக்கிறாளா என்று பார்க்க வந்தாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெண்ணின் பையில் ஆதார் நகல், எஃப்ஐஆர் நகல், படகு உரிமையாளர் கொடுத்த கடிதம், அவற்றோடு ஒரு மொபைல் ரீசார்ஜ் ரசீதும் இருந்தது. புருஷன் நம்பருக்கு மாதாமாதம் பணம் போடுகிறாளாம். எதற்கு மக்களே என்று கேட்டேன். "விட்டா அந்த நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. நான் போட்டுப் பாக்கும்போது வேற ஒரு ஆம்பள எடுத்து ஹலோன்னு சொல்லுவான்லா" என்றாள். அன்றைக்குக் கையெழுத்துப் போடாமலே போனாள்.

இன்னொரு வீட்டில் முன்னறைச் சுவரில் அவருடைய படம் இருக்கிறது. மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்தில் இறந்த மாமனார் படத்துக்கு இரண்டும் இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் காப்பாற்ற அந்த வீடு படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவள் கலர் சேலை உடுத்திக் கல்யாண வீட்டுக்குப் போனால், புருஷன் போன கவலையே இல்லை பார் என்கிறோம். வெள்ளை உடுத்தினால், இவளே அவனைக் கொன்றுவிட்டாள் என்கிறோம். தாலியைக் கழற்றினாலும் பேச்சு, போட்டிருந்தாலும் பேச்சு. பேசுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. நாம்தான்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனவரைப் பற்றிய விதி பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 111ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதுவரை சாதாரணமாக இறப்புச் சான்றிதழ் கிடையாது. அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, காப்பீடு எதுவும் நகராது. பேரிடர் என்றால் அரசு இந்தக் காலத்தைத் தளர்த்துகிறது, சுனாமியிலும் ஒக்கி புயலிலும் அப்படித்தான் செய்தார்கள். தனியாகக் கவிழ்ந்த ஒரு வள்ளத்துக்கு அந்தச் சலுகை எளிதில் வாய்ப்பதில்லை. திருமண பந்தத்தை முடித்துக்கொள்ள இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் 7 ஆண்டு, 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி முஸ்லிம் பெண்களுக்கு 4 ஆண்டு என்று கணக்கு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1707ஆம் விதி இன்னும் கறார். எத்தனை ஆண்டு ஓடினாலும் அது மட்டும் போதாது, விசாரித்து ஆயர் அறிவிக்க வேண்டும். சட்டங்களை நான் மெச்சவில்லை. ஆனால் அரசிடமும் மதத்திடமும் ஏதோ ஒரு கணக்காவது இருக்கிறது. ஊரிடம் அதுவும் இல்லை.

காத்திருக்கும் பெண்களைப் பார்த்துப் புத்தி சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அவர்கள் காத்திருப்பதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி நம் கடலுக்கு வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆட்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரைக்கு வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே போனவர்கள். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் நம் சனம் உட்கார்ந்தது நினைவிருக்கும். எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்பதுதான் அன்றைய கோஷம். கடைசியில் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய படகுகளில் நூற்றுக்கணக்கானோர் உயிரோடு இருந்தார்கள். செத்தான் என்று அழுத வீட்டுக்கு ஆள் வந்து சேர்ந்ததும் உண்டு. அதற்கு முன்னும் பின்னும், எல்லை தாண்டியதாக இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்டுத் திரும்பி வந்தவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அப்படியிருக்க, வருவார் என்று ஒருத்தி நம்பினால் அவளுக்கு ஆதாரம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கே ஒரு தீவில் இருக்கிறார், தாடி வளர்ந்திருக்கிறது, மூன்று மாதத்தில் வந்துவிடுவார் என்று ஜெபத்தில் தரிசனம் காண்கிறவர்கள் இருக்கிறார்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு தொழிலில் மத வேறுபாடு கிடையாது. நிவாரணப் பணத்தில் ஒரு பகுதி அங்கே காணிக்கையாகப் போனதை நான் அறிவேன். ஊர் வாய் மூடிக்கொண்டால் வேறு யாராவது வந்து பேசத்தான் செய்வார்கள்.

அமெரிக்காவில் பாலீன் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். ஆளும் இல்லை, சாவும் உறுதியில்லை என்கிற இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: கோளாறு அந்தப் பெண்ணிடம் இல்லை, அவள் மாட்டிக்கொண்ட நிலைமையில் இருக்கிறது. போய்விட்டார், ஒருவேளை போகாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டே ஒருவர் வாழ முடியும், அதற்குச் சுற்றியிருப்பவர்கள் இடம் கொடுக்க வேண்டும் என்கிறார். மறந்துவிடு, மனசைத் தேற்றிக்கொள் என்று சொல்லும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

சரி, உடல் இல்லாமல் சடங்கா என்று சிலர் கேட்பீர்கள். பிரான்ஸ் நாட்டின் மேற்கு முனைக்கு அப்பால் உஷாந்த் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. நம்மைப் போலவே கத்தோலிக்கர்கள், நம்மைப் போலவே ஆண்கள் கடலோடு போராடுகிறவர்கள். கடலில் ஒருவர் இறந்து உடல் வராவிட்டால் அங்கே ப்ரொயெல்லா என்ற சடங்கு நடக்கும். மெழுகில் ஒரு சின்னச் சிலுவை செய்வார்கள். வீட்டுக்காரிக்குச் செய்தியைச் சொல்வது உறவில் மூத்த ஒருவருடைய பொறுப்பு, அதற்குள் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, உடல் கிடக்க வேண்டிய இடத்தில் அந்தச் சிலுவையைக் கிடத்தி, மெழுகுதிரி ஏற்றி, இரவெல்லாம் ஊர் கூடி ஜெபம் சொல்லும். காலையில் பாதிரியார் வருவார். பெட்டியைத் தூக்கிப்போவதுபோல அந்தச் சிலுவையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அடக்கப் பூசை முழுவதையும் நடத்துவார்கள். பிறகு அது கோயிலில் ஒரு பெட்டியில் இருக்கும். இப்படிச் சேரும் சிலுவைகளை ஒரு விசேஷ நாளில் மொத்தமாக எடுத்துக் கல்லறைத் தோட்டத்தில் அதற்கென்றே கட்டிய சின்ன மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். கடைசி ப்ரொயெல்லா 1962இல் நடந்தது. எத்தனை விதவைகளை அந்த விரலளவு மெழுகு தாங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எந்தப் பெண்ணும் அங்கே காகிதத்தில் ஒப்பு போட்டுப் புருஷனைச் சாகடிக்க வேண்டியிருக்கவில்லை. மூத்தவர் வந்து கதவைத் தட்டினார், ஊர் வந்து உட்கார்ந்தது, முடிந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். குமரிமுனைக்கே வாருங்கள். 1948 பிப்ரவரி 12ஆம் தேதி காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி இங்கே கடலில் கரைக்கப்பட்டது. கரைப்பதற்கு முன் கலசத்தை மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில்தான் 1956இல் கட்டிய காந்தி மண்டபம் நிற்கிறது. சாம்பல் தண்ணீரோடு போய்விட்டது. ஆனாலும் இன்ன இடம் என்று குறித்து, அக்டோபர் 2ஆம் தேதி அந்த இடத்தில் வெயில் விழும்படி கூரையில் துவாரம் வைத்தார்கள். உடல் எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்து உள்நாட்டு ஊர்களில் எத்தனை மாடன் பீடம், எத்தனை இசக்கி பீடம்! அவற்றில் பலவற்றின் கதையைக் கேட்டால் அகாலமாகச் செத்தவர்களின், கொல்லப்பட்டவர்களின் கதையாக இருக்கும். கொடைக்குக் கொடை வில்லுக்காரர் வந்து அந்தக் கதையை முதலிலிருந்து பாடுவார். எப்படிப் பிறந்தார், யார் ஏமாற்றினார்கள், எங்கே விழுந்தார் என்பதெல்லாம் ஊர் முழுக்கக் கேட்கும். பங்குத் தந்தையர் முகம் சுளிக்க வேண்டாம், பீடம் கட்டச் சொல்லவில்லை. அகாலச் சாவை அப்படியே விட்டுவிடக் கூடாது, பேர் சொல்லி ஆண்டுக்கொரு தடவையாவது கூப்பிட வேண்டும் என்ற புத்தி இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றங்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். இலையில் பச்சரிசியும் எள்ளும் பூவும் வைத்து, தர்ப்பை முடிந்து, பேரும் நாளும் சொன்னால் பலி கொடுக்கலாம். செத்தவர் எங்கே கிடக்கிறார் என்று பூசாரி கேட்பதில்லை. அப்புறம் வாவுபலிப் பொருட்காட்சியில் ஒரு பலாக்கன்றோ தென்னம்பிள்ளையோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். துக்கத்தையும் சந்தையையும் இப்படி ஒரே நாளில் வைத்த ஊர்க்காரர்களின் சாமர்த்தியத்தை நான் எப்போதும் மெச்சுவேன். அந்த ஆறு வந்து கடலில் சேர்வது வேறெங்கும் இல்லை, நம் தேங்காய்ப்பட்டணத்தில்தான்.

மதம் தடுக்கிறது என்ற பேச்சும் நிற்காது. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்ய இந்து சாஸ்திரத்தில் வழி இருக்கிறது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபில், எதிரில் இல்லாத மய்யித்துக்கு, அதாவது இறந்தவருக்கு, ஜனாஸா என்ற இறுதித் தொழுகை நடத்த அனுமதி உண்டு. இன்னொரு பிரிவான ஹனஃபிகள் ஏற்பதில்லை, அதை உங்கள் ஆலிம்கள் பேசிக்கொள்ளட்டும். கத்தோலிக்கத்தில் உடல் இல்லாமல் இறந்தோர் திருப்பலி வைக்க எந்தத் தடையும் இல்லை. தடை இருப்பது நம் தயக்கத்தில்.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன்.

ஆள் போய்விட்டார் என்று சொல்லும் வேலையை ஊர் எடுத்துக்கொள்ள வேண்டும். தேடல் முடிந்தது என்று எத்தனை நாள் கழித்து முடிவு செய்வது என்பதை நீங்கள் பேசித் தீர்மானியுங்கள். 40 நாளோ 90 நாளோ, எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்காக இருந்தால் சரி. அந்த நாள் வந்ததும் கமிட்டியில் மூத்தவர் ஒருவரும் ஊரில் மரியாதைப்பட்ட பெண் ஒருத்தரும் பங்குத் தந்தையோடு, அல்லது இமாமோடு, அந்த வீட்டுக்குப் போங்கள். எல்லா இடமும் தேடியாகிவிட்டது, அவர் கடலோடு போய்விட்டார் என்றுதான் ஊர் நினைக்கிறது, இதை நாங்கள் சொல்கிறோம், நீ சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளிடம் சம்மதம் கேட்காதீர்கள். சம்மதம் கேட்ட அந்த நிமிஷத்தில் பாரம் மறுபடி அவள் தலைக்குப் போய்விடும். பிறகு மணி அடியுங்கள். அன்றைக்கு ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது. அடுத்த வீட்டில் கட்டன்காப்பி கொதிக்கட்டும். பூசையில் உடல் இருக்கும் இடத்தில் எதை வைப்பது என்பதை மட்டும் வீட்டாரிடம் விடுங்கள். அவர் சட்டையோ, துடுப்போ, ஒன்றுமே இல்லாமலோ இருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் வேண்டும். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் சுனாமியில் போனவர்களை ஒன்றாகப் புதைத்த இடங்களில் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று மெழுகுதிரி எரிகிறது. அங்கே எந்தக் குழியில் யார் என்று தெரியாதவர்கள்கூட வந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட ஒரு இடம் இருக்கிறது. ஒக்கியில் போனவர்களுக்கு நவம்பர் 30 இருக்கிறது. யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, காற்றும் மழையும் இல்லாத நாளில், தனியாகக் கவிழ்ந்த வள்ளத்தோடு போனவருக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் மாலையில் எல்லோரும் அவரவர் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, திரி கொளுத்தி நிற்கும்போது, கையில் மெழுகுதிரிக் கட்டோடு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஒதுங்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குக் கல்லறைகளை மந்திரிக்கப் போகும் பவனி முதலில் இந்தக் கல்லுக்குப் போகட்டும். ஜமாத்துகள் கபர்ஸ்தானில் கல் வைக்க விரும்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு நாளில் பெயர்களை வாசித்து துஆ ஓதுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

கல்லில் பெயர் வெட்டுவது மட்டும் வீட்டார் சொல்லும்போதுதான் நடக்க வேண்டும். பத்து வருஷம் ஆனாலும் சரி. மனைவிக்கு ஒரு மனசு, தாய்க்கு ஒரு மனசு என்று இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பூசையை மனைவிக்காக வையுங்கள், கல்லில் பெயர் தாய்க்காகக் காத்திருக்கட்டும். கல்லில் இடம் காலியாக இருந்தால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பூசை முடிந்த பிறகு ஆள் வந்து நின்றால்? இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரு கமிட்டி உறுப்பினரைக்கூட நான் பார்த்ததில்லை. வந்து நிற்கட்டும். சட்டத்தின் ஊகமே ஆள் வந்தால் ரத்தாகிவிடும்போது நம் பூசைக்கு என்ன கௌரவக் குறைச்சல்? பெயர் வெட்டியிருந்தால் உளியால் கொத்தி எடுத்துவிடலாம். அன்றைக்கு ஊருக்கே பிரியாணி போடுவது என் பென்ஷன் பணத்தில், இதை எழுதியே தருகிறேன்.

சேலைக்கும் தாலிக்கும் பூவுக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். கடலில் போனவருடைய மனைவி என்ன உடுத்துகிறாள், எதைக் கழற்றுகிறாள், எப்போது கல்யாண வீட்டுக்குப் போகிறாள் என்பதெல்லாம் அவள் விருப்பம், யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பூசையில் அறிவியுங்கள். அறிவித்தால் பேச்சு நின்றுவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஆனால் கேலி பேசுகிறவளிடம், பலிபீடத்திலிருந்து சொன்னார்களே கேட்கவில்லையா என்று திருப்பிக் கேட்க ஒரு வார்த்தை கிடைக்கும். தரிசனம் சொல்லிக் காசு வாங்குகிறவர்களையும் அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

காகித வேலையைப் பொறுத்தவரை, ஊர் கூடி எடுத்த முடிவு, தேடிய நாட்கள், தேடிய படகுகள், போன ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதி ஒரு கடிதத்தைக் கமிட்டி கையெழுத்தோடு அந்த வீட்டுக்குக் கொடுங்கள். கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது சான்றிதழ் ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் 7 ஆண்டு கழித்துச் சாட்சி தேடும்போது அது பெரிய உதவி. அதைவிட, மனுவில் கையெழுத்துப் போட உட்காரும் பெண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கும். கடிதத்தின் மாதிரியை நான் எழுதித் தருகிறேன். திருத்த வேண்டியதை நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

நவம்பர் 2க்கு முன்னால் கூட்டம் போட்டால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் வையுங்கள். சாயங்காலம் என்றால் மீன் விற்கப் போகும் பெண்கள் வர முடியாது. ஆள் திரும்பாத வீட்டுப் பெண்களை நேரில் போய்க் கூப்பிடுங்கள், ஆலய அறிவிப்போடு விட்டுவிட வேண்டாம். வந்தால் முதலில் அவர்கள் பேசட்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் தலைவர் மைக்கை அவர்கள் கையில் திணிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வராந்தாவில் மனு எழுதும் டீச்சர்
கன்னியாகுமரி மாவட்டம்